மூன்றாவது சுற்று

போட்டியின் ஆறாவது நாள் காலை, வீராங்கனைகள் தங்கியிருந்த கட்டடத்தின் மாடிப்படியில் தங்கை இறங்கி வருவதைப் பெரியவள் கீழே நின்று பார்த்தாள். ஒவ்வொரு படியிலும் இடது காலை முதலில் வைத்து, வலது காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்து, கைப்பிடியை விடாமல் இறங்கினாள் சின்னவள். இருபத்திரண்டு வயதுக்காரி இறங்குகிற இறக்கமா அது?

இருவருமே நாட்டின் தொடர் ஓட்டக் குழுவில் இருந்தார்கள். நான்கு பேர், ஆளுக்கு நானூறு மீட்டர், அதாவது மைதானத்தை முழுசாக ஒரு சுற்று. எட்டு வருடம் மூன்றாவது சுற்றை ஓடியவள் பெரியவள்தான். இந்த வருடத் தேர்வில் தங்கை அவளை அரை நொடியில் முந்திவிட்டாள். சுற்று கைமாறியது, பெரியவள் மாற்று ஆள் ஆனாள். நால்வரில் யாருக்காவது அடிபட்டால்தான் அவளுக்கு ஓட்டம்.

நூற்றிருபது பேராக வந்த அணிக்கு ஆறு நாளில் கிடைத்தது ஒரே ஒரு வெண்கலம். நீச்சல்காரர்கள் முதல் நாளே மூட்டை கட்டினார்கள். ஹாக்கியில் ஏழு கோல் வாங்கினார்கள். சொந்த நாட்டுப் பத்திரிகைகள் 'சுற்றுலாப் பயணிகள்' என்று கிழித்துத் தொங்கவிட்டன. மிச்சமிருந்தது அன்று மாலை நடக்கவிருந்த பெண்கள் தொடர் ஓட்டத்தின் இறுதிப் போட்டி மட்டும்தான்.

அறைக்குள் போனதும் பெரியவள் கதவைச் சாத்தினாள். "திரும்பு. காலைக் காட்டு."

"ஒண்ணுமில்லக்கா. பிடிச்சுக்கிட்டிருக்கு, அவ்வளவுதான்."

"காட்டுன்னு சொல்றேன்ல?"

வலது தொடையின் பின்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போய்க் கிடந்தது. தொட்டதும் சின்னவள் பல்லைக் கடித்தாள். முந்தாநாள் தகுதிச் சுற்றின் கடைசி வளைவில் 'டப்'பென்று ஏதோ அறுந்த மாதிரி இருந்ததாம். யாரிடமும் சொல்லவில்லை.

"இதோட ஓட முடியாதுடி. சார்கிட்ட சொல்லிடலாம்."

"சொன்னா யார் ஓடுவா?"

பெரியவள் தங்கையின் தொடையிலிருந்து கையை எடுத்தாள்.

"நீதானே ஓடுவே? அதுக்குத்தானே இவ்வளவு அக்கறை?" சொல்லிவிட்டு சின்னவளே அழுதாள். "அக்கா, உன் காலில விழறேன். இன்னிக்கு ஒருநாள். அப்புறம் ஒரு வருஷம் படுத்தே கிடக்கிறேன்."

'நீதானே ஓடுவே' என்ற அந்த ஒரு வார்த்தை பெரியவளுக்குச் சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் அதில் பொய் இல்லை. கன்றிப்போன தொடையைப் பார்த்த கணத்தில் அவள் மனசின் ஒரு மூலை துள்ளியிருந்தது. அதை அவள் உணர்ந்திருந்தாள்.

ஆனாலும் பயிற்சியாளரின் அறைக்குப் போனாள். முதல் சுற்று ஓடுகிற நெட்டையும், கடைசிச் சுற்று ஓடுகிற போலீஸ்காரியும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். ஓடுகிறவர்களின் பட்டியலில் பயிற்சியாளர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும் சிரித்தார்.

"என்னம்மா, இன்னும் ஆசை விடலியா? கால் துறுதுறுங்குதோ?"

மற்ற இருவரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு அல்ல, கேலிதான். பெரியவளுக்குக் காது சூடேறியது.

"இல்ல சார். ஒட்டுற டேப் தீர்ந்துபோச்சு. இருந்தா ஒரு சுருள் வேணும்."

அந்தச் சுருளைக் கொண்டுவந்து தங்கையின் தொடையில் அவளே இறுக்கிக் கட்டினாள். டேப் தெரியாதபடி முழங்கால் வரை வருகிற கால்சட்டையைப் போட்டுவிட்டாள்.

மாலையில் அவள் பார்வையாளர் பக்கத்தில், மாற்று ஆட்களுக்கான வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நெட்டை மூன்றாவதாக வந்தாள். அடுத்தவள் அதை இரண்டாவதாக்கிக் கையிலிருந்த பேட்டன் குச்சியைச் சின்னவளிடம் கொடுத்தாள். முதல் இருநூறு மீட்டரும் சின்னவள் அழகாக ஓடினாள். தான் பயந்ததெல்லாம் வீண் என்றுகூடப் பெரியவளுக்குத் தோன்றியது.

வளைவு தொடங்கும் இடத்தில் சின்னவள் தொடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குப்புற விழுந்தாள். பேட்டன் உருண்டு ஓடியது. பின்னால் வந்த ஆறு நாட்டுக்காரிகளும் அவளைக் கடந்து போனார்கள். அவள் தவழ்ந்து போய் அதை எடுத்தாள். எழுந்தாள். ஒற்றைக் காலால் நொண்டி நொண்டி, மீதி தூரம் முழுவதும் வந்தாள். எல்லாரும் போன பிறகு கோட்டில் தன்னந்தனியாகக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள் போலீஸ்காரி. அரங்கமே எழுந்து கைதட்டியது. பெரியவள் மட்டும் எழவில்லை.

மறுநாள் ஸ்கேனில், தசை எலும்பிலிருந்தே பிய்ந்து சுருண்டிருப்பது தெரிந்தது. அறுவை சிகிச்சை செய்தால் நடக்கலாம், ஓட்டத்தை மறந்துவிடச் சொல்லுங்கள் என்றார் டாக்டர்.

ஆனால் அதே பத்திரிகைகள் இப்போது சின்னவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடின. நொண்டிக்கொண்டு வரும் படம் எல்லா முதல் பக்கத்திலும் வந்தது. 'பதக்கத்தைவிடப் பெரியவள்' என்று எழுதினார்கள். மற்ற தோல்விகளைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை.

ஆஸ்பத்திரி நடைபாதையில் பயிற்சியாளர் காயம் பற்றிய அறிக்கைத் தாளோடு வந்தார். "ஓடும்போது திடீர்னு ஆயிடுச்சுன்னு எழுதியிருக்கேன். கூட இருந்தவ நீ, ஒரு கையெழுத்துப் போட்டுடு."

பெரியவள் தாளை வாங்கவில்லை. "திடீர்னு இல்ல சார். காலையிலேயே நான் பார்த்தேன். டேப் கட்டினதே நான்தான்."

அவர் அவளையே பார்த்தார். "என் ரூமுக்கு வந்தியே, அப்ப வாயில என்ன வச்சிருந்தே?"

அவள் சொன்னது அப்படியே அறிக்கையில் ஏறியது. காயத்தை மறைத்து அணியை ஏமாற்றியதாக இருவருக்கும் இரண்டு வருடத் தடை. முதல் பக்கத்தில் படம் போட்டவர்கள், ஒரு பதக்கத்தைத் தன் ஆசைக்காகப் பறிகொடுத்தவள் என்று அதே சின்னவளைத் திட்டினார்கள்.

வீடு திரும்பிப் பல வாரம் சின்னவள் அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசியபோது குரலை உயர்த்தவில்லை. "கால்தான் போச்சு. பேராவது மிஞ்சியிருந்துச்சு. அதையும் ஏன்க்கா எடுத்தே? பேச வேண்டிய அன்னிக்குப் பேசல. வாயை மூடிக்கிட்டு இருக்க வேண்டிய அன்னிக்குப் பேசினே."

பெரியவள் சமையலறைக்குப் போனாள். அம்மா அங்கே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருந்தது.

"அன்னிக்கே சொல்லியிருந்தா என்னடி ஆகியிருக்கும்?" என்றாள் அம்மா, திரும்பாமலே.

"எனக்குப் பொறாமைன்னு சொல்லியிருப்பாம்மா. எல்லாருமே சொல்லியிருப்பாங்க."

"சொல்லிட்டுப் போகட்டுமே. பிள்ளைக்குக் கால் இருந்திருக்கும்ல?"

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து சின்னவள் கூப்பிட்டாள்; பாத்ரூம் போக வேண்டுமாம், தனியாக எழுந்திருக்க முடியவில்லையாம். பெரியவள் உள்ளே போனாள். குனிந்து தோளைக் கொடுத்தாள். சின்னவள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு அந்தத் தோளைப் பிடித்து எழுந்தாள்.