லெவுத்தே கத்திய சொல்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு சண்டையிலிருந்து கிடைத்தது, அதுவும் அடுத்தவர் வீட்டுச் சண்டை. போன குளிர்காலத்தில் இங்கே கௌனஸில் கூடைப்பந்து பார்த்துக்கொண்டிருந்தேன். (இந்த ஊரில் குளிர்காலத்தில் வேறென்ன செய்வது? கல்யாணப் பேச்சைக்கூட இடைவேளையில்தான் எடுப்பார்கள்.) பக்கத்து இருக்கைப் பெண் "மெஸ்க்!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். அவளோடு உர்ரென்று உட்கார்ந்திருந்த கணவன் சட்டென்று திரும்பி, "யார? என்னையா?" என்றான்.

மெஸ்க் என்றால் எங்கள் லிதுவேனிய மொழியில் 'எறி'. பந்தைக் கூடையில் போடச் சொல்வதும் அதுதான், வேலையையோ புருஷனையோ விட்டுத் தொலைக்கச் சொல்வதும் அதுதான். நீங்கள் 'தூக்கிப் போடு' என்பீர்களே, அது மாதிரி. அவர்கள் இருவரும் சிரித்துச் சமாதானமாகிவிட்டார்கள். எனக்குத்தான் நிம்மதி போயிற்று.

2

முதல் முயற்சி: "1939 மே மாதம், ஐரோப்பிய நாடுகளின் மூன்றாவது கூடைப்பந்துக் கோப்பைக்காக" சே, பள்ளிப் பாடம்.

இரண்டாவது: "முதல் கோப்பையை வென்ற லாத்வியாவும் இரண்டாவதை வென்ற நாங்களும், அண்டை வீட்டுக்காரர்களுக்கே உரிய வெறுப்போடு" வேண்டாம். லாத்வியாவில் எனக்கு நண்பர்கள் இருக்கிறார்கள்.

மூன்றாவது: புதிதாகக் கட்டிய அரங்கில் மரவாசம் இன்னும் போகவில்லை. மேல் வரிசையில் மோர்த்தா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் தோழி லெவுத்தே, மடி நிறையச் சூரியகாந்தி விதையோடு.

சரி, இது போதும். போவோம்.

3

"ஆடுறத விட்டுட்டு உன் சிகாகோக்காரன் இங்கயே பாக்குறான்டி," என்றாள் லெவுத்தே, விதைத் தோலைத் துப்பிக்கொண்டே.

"பந்தப் பாக்கச் சொல்லு."

"கல்யாணம் பண்ணிக்கக் கேட்டதுக்கு ஆட்டம் முடிஞ்சதும் பதில் சொல்றேன்னு சொல்லிருக்கியாமே? என்ன சொல்லப் போற?"

"தெரியல."

"சிகாகோடி! கப்பல்ல போற! எனக்குக் கெடச்சா இந்தப் பாவாடையோட ஏறிடுவேன்."

"நீ போயேன். அவன் லிதுவேனியன் பேசினா எங்க பெரிய மாமாவோட பண்ணையாள் பேசுற மாதிரியே இருக்கு. முதல் நாள் என்னைப் பார்த்து 'நலமோ பெண்ணே'ங்கறான்."

லெவுத்தே சிரித்த சிரிப்பில் முன் வரிசைக்காரரின் தொப்பியில் விதை கொட்டியது.

4

அவன் பெயர் ஸெனோனாஸ். சிகாகோவில் பிறந்து, எங்கள் அணிக்கு ஆட வந்தவன். தாய் வாயிலிருந்து கற்ற பழைய கிராமத்து மொழிதான் அவனிடம் இருக்கிறது. அவனை எனக்குப் பிடிக்கவில்லை. முதல் வரைவில் அவனைக் கயவனாக எழுதினேன். கதை சுலபமாகிவிட்டது, கிழித்துப் போட்டேன். நல்லவன்தான். மோர்த்தாவை நிஜமாகவே விரும்புகிறான். அதுதான் தொந்தரவே.

(லாத்வியாவோடு ஆடிய அந்த ஆட்டத்தை நாங்கள் ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்தோம். கடைசிப் பந்து உண்மையான ஒரு மனிதருடையது, அதை என் கற்பனை ஆளுக்குத் தூக்கிக் கொடுக்க மாட்டேன். ஸெனோனாஸுக்கு முதல் பாதியின் முடிவில் ஒரு பந்து. அவ்வளவுதான்.)

5

அந்தப் பந்து இதோ. ஓரத்தில் நின்ற ஸெனோனாஸின் கைக்கு வந்தது. எதிரில் ஆளில்லை. அவன் போடவில்லை. தலையைத் தூக்கி மேல் வரிசையைப் பார்த்தான், மடையன். அரங்கமே எழுந்துவிட்டது.

"மெஸ்க்! மெஸ்க்!"

லெவுத்தே மோர்த்தாவின் தோளைப் பிடித்து உலுக்கி, அவள் காதுக்குள்ளேயே அலறினாள்: "மெஸ்க்!"

மோர்த்தா எழுந்தாள். பந்து கூடைக்குப் போனதா என்றுகூடப் பார்க்காமல், வரிசையில் இருந்தவர்களின் முழங்கால்களை இடித்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

6

இங்கேதான் மூன்று நாளாக மாட்டிக்கொண்டு கிடக்கிறேன். டீ போடுகிறேன், ஆறவிடுகிறேன், மறுபடி போடுகிறேன். லெவுத்தேவின் வாயில் வேறு சொல் வைத்துப் பார்த்தேன். 'ஓடு' என்றாள், பொருந்தவில்லை. 'சீக்கிரம்' என்றாள், அந்த இடத்தில் எவனும் அப்படிக் கத்த மாட்டான். வாயைப் பொத்திவிடலாம் என்றால் லெவுத்தே அடங்குகிற ஜென்மமா?

ஏன் மாற்றத் துடிக்கிறேன் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். மோர்த்தா கப்பலேற வேண்டும் எனக்கு.

7

லெவுத்தே மூச்சிரைக்க அவள் பின்னாலேயே மாடிப்படிக்கு ஓடிவந்தாள்.

"அடியேய் லூசு! நான் பந்தச் சொன்னேன்டி!"

"தெரியும்டி."

"தெரிஞ்சா எதுக்கு எந்திரிச்சு வந்த?"

"யாராவது வாய்விட்டுச் சொல்லட்டும்னு காத்துட்டிருந்தேன் போல. பந்துக்குச் சொன்னா என்ன, எனக்குச் சொன்னா என்ன? செப்டம்பர்ல பள்ளிக்கூடம் தொறக்குது, லெவுத்தே. விளையாட்டு டீச்சர்னு என் பேர் போட்டாச்சு. பொண்ணுங்களுக்கு ஒரு டீம் கட்டப் போறேன். அத விட்டுட்டு அங்க போய் யாரு ஜன்னல்ல நின்னு ரோட்டப் பாக்கறது?"

(இதை நான் திட்டமிடவில்லை. அவள் சொன்னதைக் கேட்டதும் பேனாவை வைத்துவிட்டு எழுந்து நடந்தேன். பாவி, இனி சொல்லை மாற்றியும் பிரயோசனமில்லை.)

8

அவளுக்குத் தெரிந்தவரையில் அவள் சொல்வது அத்தனையும் சரி. தெரியாதது எனக்குத் தெரியும். அந்தச் செப்டம்பரில்தான் போர் மூளும். அடுத்த வருஷக் கோடையில் இந்த ஊர்த் தெருவில் சோவியத் டாங்கிகள் வரும். அதற்கடுத்த வருஷம் ஜெர்மன் படை நுழையும், அதை எழுத எனக்குக் கை ஓடவில்லை.

அதனால் ஒரு தில்லுமுல்லு செய்தேன். மாடிப்படியில் இறங்கி வந்த ஒரு கிழவரை நிறுத்தி, "கப்பலேறிடும்மா," என்று சொல்ல வைத்தேன்.

"ஏன் தாத்தா?" என்றாள் மோர்த்தா.

1939 மே மாதத்துக் கிழவர் என்ன சொல்வார்? விழித்தார். அவரையும் கோடு போட்டு அடித்துவிட்டேன்.

9

இடைவேளை. ஸெனோனாஸ் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படியேறி வருகிறான். ஆட்டம் முடியும்வரை அவனால் பொறுக்க முடியவில்லை.

"கோபமோ பெண்ணே?"

"இல்ல."

"அப்படியாயின் சொல்லிவிடு மோர்த்தா. என்னால் பந்தே பிடிக்க இயலவில்லை."

லெவுத்தே ஒதுங்கிக்கொள்கிறாள். நீங்கள் ஒதுங்காதீர்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் உங்களுக்கும் தெரியும். மோர்த்தா மூச்சை இழுத்துக்கொள்கிறாள். அவளிடம் ஏதாவது சொல்வதானால் இப்போதே சொல்லுங்கள். நான் வாயைத் திறந்து பார்த்தேன். செப்டம்பரை நினைத்து அவள் முகத்தில் அத்தனை சந்தோஷம், என்னால் முடியவில்லை.