வாய் போன டெலிபோன்

பழைய டெலிபோன்களைப் பழுது பார்க்கும் அந்த மெக்கானிக்கை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டயல் என்றால் போதும். சுற்றிவிட்டால் திரும்பி வர நேரமாகும் என்று மனைவி வைத்த பெயர், தெருவுக்கே பிடித்துப்போய்விட்டது.

கொஞ்ச நாளாகக் கடைக்கு ஊமை அழைப்புகள் வந்துகொண்டிருந்தன. எடுத்தால் பேச்சு மூச்சு கிடையாது. டயலுக்கு இதில் ஏகக் கொண்டாட்டம். "பேசாம இருக்கிறதுக்கெல்லாம் நான் பில் போடுறதில்லீங்க" என்று சொல்லிவிட்டு வைப்பான். மனைவி எடுத்தால், "நாக்கை எங்கயாவது அடகு வச்சுட்டீங்களா?" என்பாள்.

அன்று காலை ஒருவர் நிஜமாகவே பேசினார். மனைவிதான் எடுத்தாள். அவர் வீட்டில் ஒரு பழைய போன் தானாகவே கிணுகிணுக்கிறதாம். அடியில் இந்தக் கடை ஸ்டிக்கர் இருந்ததாம். விலாசத்தை எழுதிக் கொடுத்து அனுப்பினாள்.

வாசலில் நின்றபோதுதான் டயலுக்கு வீடு பிடிபட்டது. சில வருஷங்களுக்கு முன் வந்திருக்கிறான். அப்போது இங்கே ஓர் அக்கா தனியாக இருந்தார். ஓயாத வாய். "வாய் போயிடுச்சு தம்பி. எனக்கில்ல, மாடியில இருக்கிற பச்சை போனுக்கு" என்றுதான் வரவேற்றார். கூடத்தில் கறுப்பு போன், மாடிப் படுக்கையறையில் பச்சை போன், இரண்டும் ஒரே லைன்.

பச்சை போனுக்கு வந்திருந்தது பெரிய நோய் இல்லை. பேசும் பக்கத்தில் கரித்தூள் அடைத்த சின்ன டப்பி ஒன்று இருக்கும். தூள் கட்டிப்போனால் எதிராளி பேசுவது நமக்குக் கேட்கும், நாம் பேசுவது போகாது. சுவரில் ரெண்டு தட்டுத் தட்டினால் தீர்ந்தது. ஆனால் தட்டியதற்கு யார் கூலி தருவார்கள்? டயல் முதுகைத் திருப்பிக்கொண்டு தட்டிவிட்டு, வெகுநேரம் ஸ்க்ரூக்களைக் கழற்றி மாட்டி வித்தை காட்டினான். தொழில் ரகசியம்.

கதவைத் திறந்தவர் அந்த அக்காவின் தம்பி என்றார். இஸ்திரி கலையாத சட்டை, மெதுவான குரல்.

"அக்கா நல்லா இருக்காங்களா சார்?"

"மாடியிலதான். உடம்பு சரியில்ல. ஆளுங்களைப் பாத்தா பதறிடுறாங்க." சொல்லிக்கொண்டே மாடிப்படியை மறைத்தாற்போல் நின்றார். ஆனாலும் மேலே கதவில் தொங்கிய பூட்டு தெரிந்தது. நோயாளிக்கு வெளியே பூட்டு எதற்கு என்று டயலுக்கு நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டான்.

"மணி அடிக்கல மெக்கானிக், முனகுது. யாரோ எதையோ சொல்ற மாதிரி. அது நிக்கணும்."

டயல் போனைத் திறந்தான். மணிக்கிண்ணங்கள் சுத்தம், ஸ்பிரிங் சரி, ஒயர்கள் இறுக்கம். குறை என்று சொல்ல ஒரு தூசி இல்லை. அந்த நேரம் பார்த்து அது கிணுகிணுத்தது. கொஞ்சம், ஒரு இடைவெளி, மறுபடி கொஞ்சம்.

"பாத்தீங்களா?" என்றார் தம்பிக்காரர்.

"இது ஒண்ணுமில்ல சார், இதே லைன்ல இன்னொரு போன் இருந்து, அதுல யாராவது டயல் பண்ணினா…" டயலின் வாய் பாதியில் நின்றது. பூட்டிய அறைக்குள் பச்சை போன் இருப்பதே இவருக்குத் தெரியாது போலிருக்கிறது.

"இன்னொரு போனா?"

"இருந்தாத்தான் சார். இங்கதான் இல்லையே. இது பல்லி வேலை. மணிக்குள்ள முட்டை வச்சிருக்கும்."

பேச்சு பேச்சாக இருக்க, அவன் விரல்கள் பழக்கத்தில் முழங்காலின் மேல் கிணுகிணுப்பை எண்ணிக்கொண்டிருந்தன. ஒரு இலக்கத்துக்கு ஒரு கொத்து. கடைசிக் கொத்து முடிந்ததும் விரல்கள் முழங்காலிலேயே நின்றன. அது அவன் கடை நம்பர்.

இத்தனை நாளும் வாய் போன போனை வைத்துக்கொண்டு, வாய் போனால் சரி செய்கிறவனையே அந்த அக்கா கூப்பிட்டிருக்கிறார். ஊரில் வேறு எவன் ஏமாந்தாலும் நியாயம் உண்டு. இவனுக்கு இல்லை.

ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தான். எதிர்பார்த்தபடி, கடையில் எடுத்த மனைவியின் குரல்தான்.

"வந்துட்டீங்களா மகாராசா? இன்னைக்காவது வாயைத் திறக்கிற உத்தேசம் உண்டா?"

"எக்ஸ்சேஞ்ச் மேடமா? லைன் டெஸ்ட் பண்றேன்" என்றான் டயல்.

"ஏங்க? நீங்களா? என்னது, மேடமா?"

"ஆமா மேடம். இந்த லைன்ல இன்னொருத்தர் இருக்காங்க, அவங்க குரல்தான் வரல. அவங்க கேட்டுக்கட்டும். பேசுற பக்கத்தைச் சுவத்துல ரெண்டு தட்டுத் தட்டணும். பலமா."

 

மாடியில் டொக், டொக் என்றது.

தம்பிக்காரர் மெல்ல நிமிர்ந்து பார்த்தார்.

"எலி சார்" என்றான் டயல்.

"பல்லின்னீங்க."

"ரெண்டும் இருக்கு சார். பெரிய வீடு."

காதுக்குள் கரகரவென்று ஒரு குரல் முளைத்தது. "தம்பி… கேக்குதா? நாளைக்கு விடிஞ்சதும் வண்டி வருது. கூடப்பொறந்தவன் எங்க கொண்டுபோறான்னு சொல்ல மாட்டேங்கிறான். ஏத்திட்டான்னா நான் இருந்த தடமே இருக்காது. சோத்துல என்னமோ கலக்குறான், பாதி நேரம் தூக்கமாவே போகுது."

டயல் தொண்டையைச் செருமிக்கொண்டான். "புகார் புரிஞ்சுதா மேடம்? காலையில எழுதின விலாசம்தான். காக்கிச் சட்டைக்காரங்களையே அனுப்புங்க. சீக்கிரம்."

"புரிஞ்சுதுங்க" என்றாள் மனைவி. "நீங்க அங்கேயே இருங்க."

"குடுங்க, நானும் ஒரு வார்த்தை பேசுறேன்" என்று தம்பிக்காரர் கையை நீட்டினார். கொடுக்காமல் இருக்க வழியில்லை. அவர் கேட்டார். மனைவி கச்சிதமாகத்தான் சொன்னாள், தள்ளி நின்ற டயலுக்கே கேட்டது: "டெஸ்ட் நடக்குது சார், வையுங்க."

அவர் அதை மிக மெதுவாக வைத்தார். வாசலுக்குப் போய்க் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"காலையில உங்க கடைக்குப் பேசினேனே மெக்கானிக். அப்ப எடுத்தவங்களும் இதே குரல்தான்."

டயலுக்கு எந்த இக்கட்டிலும் ஒரு கிண்டல் வாயில் வந்து நிற்கும். இப்போது தேடிப் பார்த்தான், ஒன்றுகூட இல்லை. கருவிப் பையை எடுத்துக்கொண்டு போய் மாடிப்படியின் முதல் படியில் உட்கார்ந்தான். பையை மடியில் வைத்துக்கொண்டான்.

"வேலை இன்னும் முடியல சார்."

"எந்திரிங்க."

"முடிச்சுட்டுத்தான் சார் போவேன். எனக்கு அப்படியே பழகிடுச்சு."

தம்பிக்காரர் சட்டைக் கையை ஒவ்வொரு மடிப்பாக, கசங்காமல் மடித்து விட்டுக்கொண்டார். ஓரடி முன்னால் வந்தார். தெருவில் ஏதோ வண்டிச் சத்தம் வந்து, நிற்காமல் போனது.

மேலே மறுபடியும் டொக், டொக். போனைச் சரி செய்ய இல்லை. கீழே ஆள் இன்னும் இருக்கிறானா என்று கேட்க.

டயல் ஸ்க்ரூடிரைவரால் படியில் ரெண்டு தட்டுத் தட்டினான், பலமாக. இந்தத் தடவை முதுகைத் திருப்பிக்கொள்ளவில்லை.