முதுகில் மிஞ்சிய மேடு

கல்தச்சருடைய இடது தோள் சதுரமானது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அன்று குழாயில் தண்ணீர் வரவில்லை என்பதால் வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் மனைவி பக்கத்துத் தெருவரை வாளியோடு நடந்து வந்த பிறகுதான், அவருடைய சட்டைத் தோளைக் கிழித்துக்கொண்டு ஒரு முனை எட்டிப் பார்ப்பதைக் கவனித்தாள். போன வாரம் வாங்கிய சட்டை. அவளுக்கு முதலில் வந்தது பயமல்ல, எரிச்சல்.

அவர்கள் கடல் கடந்து வந்தவர்கள். அந்த ஊரின் பாதிப் படிக்கட்டுகளும் கல்லறைக் கற்களில் பெரும்பாலானவையும் அவர் கொத்தியவை. ஆனாலும் ஊருக்கு அவர் ‘வந்தவர்’தான். எதிர்க்கடைக்காரர் நலம் விசாரிப்பதுபோல, “எப்ப ஊருக்குத் திரும்பிப் போறதா உத்தேசம்?” என்று கேட்பார். “போகணும், போகணும்” என்று இவரும் சிரித்துவைப்பார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிய கையோடு, கேட்டவரின் பரம்பரையையே இழுத்துத் திட்டித் தீர்ப்பார். அவர் திட்டுவது நீளமானது, பல கிளைகள் உள்ளது. அதற்குள் சோறு ஆறிவிடும்.

இப்படிப்பட்டவரை ஃப்ரீமேசன் சங்கத்தில் சேர்த்துவிட்டவர் அதன் தலைவரான பல் டாக்டர். ஆண்கள் மட்டும் கூடி, உள்ளே நடப்பதை வெளியே சொல்வதில்லை என்று சத்தியம் செய்துகொள்கிற சங்கம். நீதிபதியும் வக்கீலும் மருந்துக்கடை முதலாளியும் அங்கே வெள்ளைத் தோல் ஏப்ரனை இடுப்பில் கட்டிக்கொண்டு மூலைமட்டத்துக்கும் கவராயத்துக்கும் மரியாதை செய்வார்கள். கல் வேலையே அவர்கள் வேதம். கல் வேலை செய்கிறவர்தான் ஒருவரும் இல்லை. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ள வந்த கல்தச்சரின் காய்ப்பேறிய கையைப் பார்த்ததும் டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. சங்கம் கூடும் இடத்துக்கு லாட்ஜ் என்று பெயர். “லாட்ஜுக்குப் போயிட்டு வரேன்” என்று கல்தச்சர் முதல் நாள் சொன்னபோது, அவர் மனைவி வேறு விதமாக நினைத்துக்கொண்டு ஒரு வாரம் பேசவில்லை. ஏப்ரனைத் துடைத்துவைக்கச் சொல்லி அவர் கொண்டுவந்து கொடுத்ததும், இவ்வளவு சின்னதைக் கட்டிக்கொண்டு யாரும் தப்புப் பண்ண முடியாது என்று தெளிந்தாள்.

அங்கே நீதிபதி அவரைச் ‘சகோதரரே’ என்று கூப்பிட்டார். அதைக் கேட்டுவிட்டு வந்த அன்று அவர் சாப்பிடாமல் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளுக்கு அது புரிந்தது. புரிந்ததுதான் உறுத்தியது. அந்த ஒரு சொல்லை அவள் எவ்வளவு பிரியத்தோடு சமைத்தும் கொடுத்திருக்க முடியாது.

ஒவ்வொரு மனிதனும் கொத்தாத கல், தன்னைத் தானே செதுக்கி எல்லாப் பக்கமும் மட்டமாக்கிக்கொள்ள வேண்டும் என்பது டாக்டர் அங்கே வழக்கமாகச் சொல்வது. மற்றவர்கள் அதற்குத் தலையாட்டிவிட்டுச் சாப்பிடப் போவார்கள். கல்தச்சர் அதை வேலை உத்தரவாக எடுத்துக்கொண்டார். கல்லைப் பற்றி யாராவது அவரிடம் பேசினால், அவரைப் பொறுத்தவரை அது கல்லைப் பற்றித்தான். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சின்ன உளியை எடுத்துத் தோளில் தட்ட ஆரம்பித்தார். ரத்தம் வரவில்லை, வெள்ளைத் தூள்தான் வந்தது. “இத்தனை வருஷமா கல்தூளை முழுங்குனவருக்கு உள்ள வேற என்ன இருக்கும்?” என்று சொல்லிக்கொண்டே அவர் மனைவி குளியலறையைப் பெருக்கினாள்.

சில வருடங்களில் அவர் ஏறக்குறைய முழுச் சதுரமானார். கைகால் வைத்த பெட்டி போல நடந்தார். மாடிப்படியில் திரும்பும்போது சுவரில் காரை பெயர்ந்தது. சட்டை தைக்கிற தையல்காரி அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே, “அக்கா, உங்க வீட்டுக்காரருக்கு அளவெடுக்கிறதும் பீரோவுக்கு உறை தைக்கிறதும் ஒண்ணுதான். பீரோ கூச்சப்படாது, அவ்வளவுதான் வித்தியாசம்” என்றாள். மகள் அவர் தலைமேல் நோட்டை விரித்துக் கணக்குப் போட்டே பள்ளிப் படிப்பை முடித்தாள். சங்கத்தில் மற்ற சகோதரர்கள் தொந்தியும் தொங்கலுமாக அவரைச் சுற்றி உட்கார்ந்து, சற்று சங்கடத்தோடு பாராட்டினார்கள்.

பெருக்கி எடுத்த சில்லுகளை அவள் பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். ஏன் எறியவில்லை என்று அவளுக்கே தெரியாது. அவை தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தன. முதலில் அவரிடமிருந்து போனது திட்டு. அப்புறம் குளிக்கும்போது சுதி சேராமல் பாடுவது. அப்புறம் உப்புக்காகப் போடும் சண்டை. “நல்லா இருக்கு” என்று எதை வைத்தாலும் சாப்பிட்டு எழுந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவள் வேண்டிக்கொண்ட அத்தனையும் வரிசையாக நிறைவேறின. வீட்டில் அப்படியொரு நிம்மதி வந்து உட்கார்ந்தது. அதோடு தனியாக இருக்க அவளுக்குப் பயமாக இருந்தது. மத்தியானங்களில் டப்பாவை எடுத்துக் காதோரம் வைத்துக் குலுக்குவாள். உள்ளே அடியில் எங்கேயோ எதிர்க்கடைக்காரரின் தாத்தாவைப் பற்றி ஒரு வசவு உருளும். கேட்டுவிட்டு மூடி வைப்பாள். நான் வாழ்க்கைப்பட்டது கட்டிலில் படுத்திருப்பவருக்கா, இந்த டப்பாவுக்கா என்று யோசிப்பாள்.

சங்கத்துக்குப் புதுக் கட்டடம் கட்ட முடிவானபோது டாக்டரே வீடு தேடி வந்தார். அடித்தளத்தின் மூலைக்கல்லாக வேறு கல் எதற்கு, சகோதரரையே வைத்துவிடலாம் என்று எல்லோரும் ஒருமனதாகத் தீர்மானித்திருக்கிறார்களாம். மேலே மூன்று மாடி வரும். டாக்டர் மூலைமட்டத்தை வைத்துப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். எல்லாம் சரி. மேல் முதுகின் நடுவில் மட்டும் கைப்பிடி அளவுக்கு ஒரு மேடு. “இதை மட்டும் எடுத்துட்டா சுவரோட சுவரா உக்காந்துரும்” என்றார். கல்தச்சருக்கு அங்கே கை எட்டாது. வேறு யார் கையையும் அவர் நம்பமாட்டார், மனைவியைத் தவிர.

“சோறு போடவும் நான், உளி போடவும் நானா?” என்றாள் அவள், டாக்டர் போன பிறகு.

“ஒரே அடிதான். காலையில எந்திரிச்சு அடிச்சு விட்டுரு.”

“அப்புறம் நான் யாரைப் பார்க்க வர்றது? சுவத்தையா?”

திட்டு போன பிறகு அவருக்குச் சொற்கள் மெதுவாகத்தான் வரும். “அஸ்திவாரத்துல இருக்கிறவனைப் பார்த்து, எப்பக் கிளம்புறேன்னு எவனும் கேக்க மாட்டான்ல” என்றார்.

அந்த மேடு என்னவென்று அவளுக்குத் தெரியும். கப்பலில் வாந்தியெடுத்தே துவண்டுபோனவளை அவர் துறைமுகத்திலிருந்து முதுகில் சுமந்துகொண்டு இந்த ஊருக்குள் நடந்தார். வழியெல்லாம் கப்பல்காரனைத் திட்டிக்கொண்டே நடந்தார். அவள் மோவாய் அழுந்தி அழுந்திக் காய்த்துப்போன இடம் அது. அவரிடம் அதைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. தெரிந்தே எடுக்கச் சொல்கிறாரோ என்று தோன்றிவிட்டது. கேட்டு, ஆமாம் என்றுவிட்டால்?

காலையில் அவரை முற்றத்தில் குப்புறப் படுக்கவைத்தாள். மகள் பாயை இழுத்துப் போட்டாள். சட்டையைத் திருப்பித் தர வந்த தையல்காரி வேடிக்கை பார்க்க நின்றாள். உளியை எப்படிச் சாய்த்துப் பிடிக்க வேண்டும் என்று அவர் தரையைப் பார்த்தபடி சொல்லிக்கொடுத்தார். அவள் மேட்டின்மேல் வைத்தாள். சுத்தியலை ஓங்கினாள். அடி விழுந்தபோது உளி மேட்டில் இல்லை, வலது தோள் முனையில் இருந்தது. செங்கல் அளவுக்கு ஒரு துண்டு பெயர்ந்து தையல்காரியின் காலடியில் போய் விழுந்தது. கை நழுவியதா, நழுவவிட்டாளா என்று பிற்பாடு பலமுறை தன்னையே கேட்டுப் பார்த்திருக்கிறாள். சில நாள் ஒரு பதில் வரும், சில நாள் மற்றது. இரண்டுமே அவளுக்குச் சமாதானமாக இருந்தன.

ஓரம் போன கல்லை யாரும் மூலையில் வைப்பதில்லை. அது அவருக்குத் தெரியும். தலையைத் திருப்பித் தோளைப் பார்த்தார். பிறகு அந்தப் பிளவுக்குள்ளிருந்து, பல வருடமாக அடைந்துகிடந்த குழாய் திறந்ததுபோல, திட்டு வந்தது. அவளில் தொடங்கி, அவள் அப்பா, கப்பல்காரன், எதிர்க்கடைக்காரர், பல் டாக்டர், அவர் பிடுங்கிய பல் வரை எல்லோரையும் தொட்டுச் சென்றது. தையல்காரி காதைப் பொத்தினாள். அவர் மனைவி சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, ஒரு கிளையும் விடாமல் கேட்டாள். மத்தியானச் சோறு ஆறிப்போயிற்று. அவர் ஒரு வாய் வைத்துவிட்டு, “உப்பு எங்கடி?” என்றார்.

சங்கம் குவாரியிலிருந்து ஒரு கல்லை வாங்கி மூலையில் வைத்தது. கல்தச்சர் இன்றும் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு கூட்டத்துக்குத் தவறாமல் போகிறார். அவரை உள்ளே இறக்க நான்கு சகோதரர்கள் கைகொடுக்க வேண்டும். “எப்ப ஊருக்கு?” என்று கேட்ட எதிர்க்கடைக்காரரிடம், “என்னைக் கிளப்பணும்னா கிரேன் கொண்டா” என்று நேருக்கு நேராகவே சொன்னார், கூடவே கொஞ்சம் மற்றதும். தையல்காரி வலது தோளை மட்டும் வளைத்துத் தைக்கிறாள். படுக்கும்போது அவர் மனைவி அந்த உடைந்த முனையில் மோவாயை வைத்துக்கொள்கிறாள். அந்தப் பள்ளம் சொரசொரப்பாக இருக்கிறது. ஆனால் அளவு சரியாக இருக்கிறது.