ஹீட்டருக்குப் போகாத வெந்நீர்

1

இந்தக் கதை என் மனைவியின் கையில் தொடங்கியது. வருஷம் ஐம்பத்தாறு, டயகமப் பக்கத்தில் ஒரு தோட்டம். எங்கள் குளிரில் யாருடைய கையைத் தொட்டாலும் சில்லென்றுதான் இருக்கும். பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட என் மனைவி சண்முகவடிவின் கையும் வாரத்தில் ஆறு நாள் அப்படித்தான். வியாழக்கிழமை மாலை மட்டும் அது சூடாக இருந்தது.

வியாழக்கிழமைதான் அவள் தோட்டத்து லொறியில் தலவாக்கலைக்குப் போய்க் குழந்தைகளுக்குப் பால்மா வாங்கி வருவாள். லொறி போகும்போது தேயிலைப் பெட்டிகளை ஸ்டேஷனில் இறக்கும், வரும்போது அரிசி மூட்டை ஏற்றி வரும். சண்டைக்காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் விட்டுப்போன வண்டி. அதில் ஒரு ஹீட்டர் இருந்தது. எஞ்சினில் சுற்றும் வெந்நீர் ஒரு ஹோஸ் வழியாக டிரைவரின் காலடியில் இருக்கும் பெட்டிக்கு வந்து, இன்னொரு ஹோஸ் வழியாகத் திரும்பிப் போகும். அந்தப் பெட்டியின் முன்னால் கையை நீட்டிக்கொண்டு வந்தால் கை சூடாகத்தான் இருக்கும். இது எனக்குத் தெரியாததல்ல. தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், நான்தான் பிட்டர். லொறி பழுதானாலும் என்னிடம்தான் வரும்.

தெரிந்தும் டிரைவர் மேல் பொறாமைப்பட்டேன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டால் பின்னால் சொல்லப்போகும் பொய்களுக்கு நீங்கள் கொஞ்சம் சலுகை தருவீர்கள் என்று நம்புகிறேன்.

2

தலவாக்கலையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் மஃறூப் நானா ஒரு சின்னப் பத்திரிகையும் நடத்துகிறார். "லொறி, எஞ்சின்னு உங்களுக்குத் தெரிஞ்சத வச்சே ஒரு கத எழுதித் தாங்க" என்றார். எல்லாம் நடந்து ஏழு வருஷம் கழித்து எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "சின்னராசா மிகவும் நேர்மையான பிட்டர்." (அடித்தாயிற்று. சின்னராசா நான்தான்.)

இரண்டாவது தொடக்கம்: "வழுக்கைத் தலையும் தொந்தியுமாக மூக்கன் லொறியிலிருந்து இறங்கினான்." மூக்கன் என்பது டிரைவர். அவனுடைய உண்மைப் பெயர் நல்ல பெயர், அதனால் சொல்ல மாட்டேன்.

இந்த வரியை மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் வடிவு சொன்னாள்: "அவருக்கு ஏதுங்க வழுக்கை? நெத்தியில சுருட்ட முடி வந்து விழும். கையால தள்ளிவிட்டுக்கிட்டே ஓட்டுவாரு." ஏழு வருஷம் கழித்துச் சொல்கிறாள். அந்த வருஷம் நான் மீசை வைத்திருந்தேனா என்று கேட்டேன். யோசித்துப் பார்த்து, "வச்சிருந்தீங்களோ?" என்றாள்.

மூன்றாவது தொடக்கம்: "அந்த ஆள் பார்ப்பதற்கு" (இதை முடிக்கப்போவதில்லை.)

3

இந்தப் பகுதியை வடிவு கண்ணில் படாமல் எழுதுகிறேன். அவளுக்குத் தெரியாத விஷயம் இதில்தான் இருக்கிறது. தெரிந்தால் என்னை எப்படிப் பார்ப்பாள் என்ற பயத்தில்தான் ஏழு வருஷமாக வாயைத் திறக்கவில்லை.

ஹீட்டரின் இரண்டு ஹோஸும் வெடித்து ஒழுக ஆரம்பித்தன. கொழும்பிலிருந்து புது ஹோஸ் வந்தது. அளவு கச்சிதம். அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். பிறகு பழைய ஹோஸ் இரண்டையும் பிடுங்கிவிட்டு, புது ஹோஸில் ஒரு முழம் வெட்டி, எஞ்சினிலிருந்து தண்ணீர் வெளியேறும் வாயையும் திரும்பி வரும் வாயையும் நேராக இணைத்துவிட்டேன். வளைத்து, புது கிளிப் போட்டு இறுக்கினேன். எஞ்சின் ஓடும், ஹீட்டருக்கு ஒரு சொட்டு வெந்நீர் போகாது. மீதி ஹோஸை என் சாமான் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.

பழைய ஹோஸ் துண்டையே வளைத்துப் போட்டிருக்கலாம். ஆனால் அது ஒழுகும். சின்னராசா பூட்டிய இணைப்பு ஒழுகுகிறது என்று ஒருவன் சொல்லிவிடக் கூடாதே.

மூக்கனிடம், "வந்த ஹோஸ் அளவு சேரல. ஹீட்டர் இல்லாமத்தான் ஓட்டணும்" என்றேன்.

"ஹீட்டரு இல்லாட்டி ஏத்தத்துல கஷ்டம்ணே."

"ஏன், குளிர் தாங்கலியோ?"

"குளிருக்கில்லண்ணே, எஞ்சினுக்கு. ரேடியேட்டர் பாதி அடைச்சுக் கெடக்கு. தண்ணி கொதிக்கப் பாத்தா ஹீட்டர முழுசாத் தொறந்துவிட்டுருவேன். சூடு பாதி உள்ள வந்துரும். அப்படித்தான் ஏறிக்கிட்டிருக்கேன்."

அவன் சொன்னது அத்தனையும் சரி. நான் ஸ்டோர் எஞ்சினைப் பார்க்கிறவன். அது இருந்த இடத்தைவிட்டு அசையாது, ஏற்றம் ஏறாது. ஆனாலும் கொஞ்சம் நிதானமாக யோசித்திருந்தால் புரிந்திருக்கும். சாக்குச் சொல்கிறான் என்றுதான் நினைத்தேன்.

4

அந்த வியாழக்கிழமை அரிசி மூட்டைகளோடு ஏறி வந்த லொறி, தோட்டத்துக்கு மூன்று கட்டை, அதாவது மூன்று மைல், இருக்கும்போது கொதித்து நின்றது. மழை. வடிவும் மூக்கனும் மூன்று மணி நேரம் அங்கேயே இருந்தார்கள். பிறகு அவன் ஓடையில் தண்ணீர் பிடித்து ஊற்றி எப்படியோ ஓட்டி வந்து சேர்த்தான். அதற்குள் எஞ்சினின் தலை விரிசல் விட்டிருந்தது.

எஞ்சினைப் பார்த்துச் சொல்லும்படி தோட்டத்தை நடத்தும் துரை என்னிடம்தான் கேட்டார். "தண்ணி பாக்காம ஓட்டியிருக்காங்க தொரை" என்றேன். மறுநாள் பெரட்டுக் களத்தில், எல்லோரும் வேலைக்குப் பிரிந்து போகும் இடத்தில், மூக்கனைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"எந் தப்புதாங்க. தண்ணி பாக்காம ஏத்திட்டேன்" என்றான் மூக்கன்.

பத்துச்சீட்டு எழுதிக் கொடுத்துத் தோட்டத்தைவிட்டு அனுப்பிவிட்டார்கள். பதுளைப் பக்கம் போனதாகக் கேள்வி. அடுத்த மாதம் எஞ்சினைச் சரிசெய்தபோது ஹீட்டருக்கு இரண்டு ஹோஸையும் முறையாகப் பூட்டினேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

இங்கே ஒரு சந்தேகம் எழவேண்டும். செய்யாத தப்பை ஒருவன் ஏன் ஒப்புக்கொள்கிறான்? கதைக்குள் அந்தப் பாத்திரம் நிற்க மறுக்கிறது. அவனைக் குடிகாரனாக்கிப் பார்த்தேன், பொருந்தவில்லை. மடையன் என்று எழுதினேன், அதுதான் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஏழு வருஷமாக அவனை மடையன் என்றே வைத்திருந்தேன்.

5

முடிவுகள் இரண்டு யோசித்தேன்.

(அ) சின்னராசா பதுளைக்குப் போய் மூக்கனைக் கண்டுபிடித்து மன்னிப்புக் கேட்கிறான். (பொய். நான் நானுஓயாவைத் தாண்டியதில்லை.)

(ஆ) சின்னராசா எல்லாவற்றையும் மனைவியிடம் சொல்லிவிடுகிறான். அவள் அழுகிறாள். பிறகு

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே, இப்படி அரைகுறையாக எழுதுவதைவிடச் சொல்லிவிடுவது மேல் என்று தோன்றியது. மூன்றாம் பகுதியை எடுத்து வடிவிடம் கொடுத்தேன். அடுப்படியில் நின்றபடியே படித்தாள். அழவில்லை. தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"இது அன்னைக்கே தெரியுங்க."

"எப்படி?"

"நின்ன எடத்துல எஞ்சின் பானட்டத் தொறந்து பாத்தாரு. புது ஹோஸு, அம்சமாப் பொருந்தியிருந்துச்சு. என்னையும் கூப்பிட்டுக் காட்டினாரு. அளவு சேரலன்னு சொன்ன ஹோஸு இதுதான்னு சொல்லிச் சிரிச்சாரு."

"சிரிச்சானா?"

"கோவப்படல. ஏன் இப்படிச் செஞ்சிருக்காருன்னு அவருக்குப் புரிஞ்சுபோச்சு. எனக்கும்தான்."

"அப்புறம்?"

"தொரைகிட்ட சொல்லிறாதீங்க, வீட்டுக்காரருக்கு வேல போயிரும்னு கேட்டேன். பானட்ட மூடினாரு. அப்புறம் சரின்னாரு."

"நீ கேட்டதுக்காகவா?"

"வேற யாரு கேட்டா?"

ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். நான் அங்கேயே நின்றேன்.

"மூணு மணி நேரம் இருந்திருக்கீங்க. வேற என்ன பேசினீங்க?"

"என்னென்னமோ பேசினோம்."

"என்ன?"

"அதெல்லாம் உங்க கதைக்கு வேணாங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எதையோ பத்திரப்படுத்துகிறவள் போலச் சொன்னாள்.

6

இந்த இடத்தில் எனக்குக் குற்ற உணர்ச்சி வந்திருக்க வேண்டும். ஒருவனுடைய பிழைப்பைக் கெடுத்திருக்கிறேன். அவன் என் பிழைப்பைக் காப்பாற்றிவிட்டுப் போயிருக்கிறான். மரியாதையான கதை என்றால் ஆள் இங்கே திருந்தவேண்டும். எனக்கு வந்தது பொறாமைதான், முன்னைவிட அதிகமாக. நான் ஒளித்து வைத்திருந்ததாக நினைத்த ஒன்றை இரண்டு பேர் ஏழு வருஷமாகத் தங்களுக்குள் வைத்திருக்கிறார்கள். அவன் எங்கே இருக்கிறானோ, அங்கேயும் அது இருக்கும்.

அந்த மூன்று மணி நேரத்தை எழுதிப் பார்த்தேன். மழை பெய்கிறது. பானட் திறந்திருக்கிறது. அவன் சரி என்கிறான். அவள் (

அவள் என்ன செய்தாள் என்பதற்கு மேல் என் பேனா நகரவில்லை. இதுவரை வந்த உங்களுக்கு அந்த ரோடு தெரியும், வண்டி தெரியும், இரண்டு பேரையும் தெரியும். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் நல்லவர்களாகவே இருக்கட்டும், தப்பாக எதுவும் நடக்கவில்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் அவன் ஏதோ சொல்ல அவள் வாய்விட்டுச் சிரித்தாள் என்று உங்களுக்குத் தோன்றினால், எழுதுங்கள், என்னிடம் மட்டும் காட்டாதீர்கள்.