வடக்குச் சுவரில் சித்திரை

2006 ஜனவரி பதினொன்றாம் தேதி, புதன்கிழமை காலை ஏழே முக்கால் மணிக்கு, ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் சேஷாத்ரி குடியிருந்த வாடகை வீட்டின் கூடத்தில் பனி பெய்தது. நான்கு சென்டிமீட்டர். சோபாவின் மேல் கொஞ்சம் கூடுதல். அதே நேரத்தில் வீட்டுக்கு வெளியே, வடக்குச் சுவரை ஒட்டி மூன்று மீட்டர் அகலத்துக்கு மட்டும், சித்திரை மாத வெயில் அடித்தது. தெருவின் மற்ற பகுதிகளில் வழக்கமான ஜனவரிதான், மைனஸ் ஆறு. இந்தச் செய்தியை அந்த வட்டாரத் தமிழர்கள் யாரும் மறுக்கவில்லை. சேஷாத்ரி அதைப் படத்தோடும் வரைபடத்தோடும் எல்லோருக்கும் மின்னஞ்சலில் அனுப்பியிருந்தான். மறுக்க வேண்டுமானால் முதலில் அந்த மின்னஞ்சலை முழுதாகப் படிக்க வேண்டும்; அதற்குத்தான் யாருக்கும் நேரமில்லை.

குற்றவாளி நிலவறையில் இருந்த புது பாய்லர். பக்கத்து வீட்டிலேயே குடியிருந்த வீட்டுக்காரம்மா, ஃபிராவ் பிட்னர், முந்தின இலையுதிர் காலத்தில்தான் அதை வாங்கிப் போட்டிருந்தார். வடக்குச் சுவரில் சோப்புப்பெட்டி அளவுக்கு ஒரு வெள்ளைப் பெட்டியைப் பொருத்தினார்கள். அது வெளியே எவ்வளவு குளிர் என்று பார்த்துச் சொல்லும். பாய்லர் அதற்கேற்ப எரியும். வீட்டுக்குள் எப்படி இருக்கிறது என்று கேட்கும் பழக்கம் அந்த பாய்லருக்கு இல்லை. வெளியே இருபது டிகிரி தாண்டி அரை மணி நேரம் ஆனால் கோடை வந்துவிட்டது என்று அது முடிவு செய்துவிடும். பிறகு மறுநாள் அதிகாலை வரை யார் சொன்னாலும் எரியாது. அதை மாற்ற ஒரு பொத்தான்கூடக் கிடையாது. வடக்குச் சுவரில் பெட்டி முப்பத்து நான்கு டிகிரி காட்டியது. ஆகவே வெளியே கோடை. வெளியே தங்க இடமில்லாமல் போன குளிர்காலம் வீட்டுக்குள் வந்து சோபாவில் உட்கார்ந்துகொண்டது.

சேஷாத்ரியின் மனைவி பார்கவிக்கு அப்போது எட்டாவது மாதம். பிப்ரவரி இருபதை ஒட்டிப் பிரசவம் என்று நாள் கொடுத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்த மருத்துவச்சி தொப்பியில் விழுந்த பனியைத் தட்டிவிட்டு, "இருபது டிகிரிக்குக் கீழே இருக்கும் வீட்டுக்குக் குழந்தையைக் கொண்டுவர நான் சம்மதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். வேறு வீடு தேட ஆறு வாரம் போதாது. பாய்லர்தான் திருந்த வேண்டும்.

சேஷாத்ரி என்ன செய்திருக்க வேண்டும் என்று இன்று எல்லோரும் சொல்கிறார்கள். அன்று அவன் கடிதம் எழுதினான். கார்களுக்குக் கண்ணாடி துடைப்பான் செய்யும் கம்பெனியில், வாடிக்கையாளர் புகார்களுக்குப் பதில் எழுதுவதுதான் அவன் வேலை. துடைப்பான் ஓடுவதில்லை என்று எழுதும் ஆள் அதில் துணி காயப்போட்டதை எழுதமாட்டார். வாடிக்கையாளர் எப்போதும் ஒன்றை மறைப்பார் என்பது அவன் பிரிவின் மேசைக் கண்ணாடிக்கு அடியிலேயே அச்சிட்டு வைக்கப்பட்டிருந்தது. பாய்லர் கம்பெனிக்கு அவன் எழுதிய கடிதம் இருபத்து மூன்று பக்கம்; பனியின் ஆழத்துக்கு மணிவாரியாக ஆறு வரைபடங்கள். இணைத்த படிவத்தில் 'அதிக வெப்பம்', 'குறைந்த வெப்பம்', 'சத்தம்', 'ஒழுகல்', 'இதர' என்று ஐந்து கட்டங்கள் இருந்தன. பனிக்குக் கட்டம் இல்லாததால் 'இதர'வில் குறியிட்டான். பத்து நாளில் பதில் வந்தது. உங்கள் கருத்து எங்களுக்கு மதிப்புமிக்கது என்று தொடங்கியது. அதே வாக்கியத்தை நூற்றுக்கணக்கில் எழுதியிருந்தவன் என்பதால், மேற்கொண்டு ஒன்றும் நடக்காது என்று அவனுக்கு அந்த வரியிலேயே தெரிந்துவிட்டது. பெட்டி முப்பத்து நான்கு காட்டினால் அங்கே முப்பத்து நான்குதான், எங்கள் பெட்டி பொய் சொல்லாது என்று முடித்திருந்தார்கள். அது உண்மையும்கூட. சேஷாத்ரி முப்பத்தொரு பக்கத்தில் இரண்டாவது கடிதம் எழுதினான்.

பிப்ரவரி முதல் வாரத்தில் பார்கவி பொறுமை இழந்தாள். "நீங்க அடுத்த லெட்டருக்கு இன்டெக்ஸ் போடுங்க. நான் விமலநாதன் அண்ணாவைக் கூப்பிடறேன்" என்றாள். விமலநாதன் யாழ்ப்பாணத்துக்காரர், பதினெட்டு வருஷமாக அந்த ஊரில் வீடுகளுக்குச் சூடேற்றி பொருத்தும் வேலை. வந்தவர் நிலவறைக்கே போகவில்லை. வீட்டை ஒருமுறை சுற்றி வந்தார். வடக்குப் பக்கத்தில் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு சுவரை அண்ணாந்து பார்த்தார்.

"தம்பி, உதென்ன ஓட்டை?"

"வென்டிலேஷன்" என்றான் சேஷாத்ரி.

"வென்டிலேஷன் எண்டால் சாம்பார் மணக்குமே?"

அதற்குப் பதில் பார்கவிதான் சொன்னாள். முன்பு கார்ல்ஸ்ரூஹேயில் இருந்த வீட்டைப் பெருங்காய வாசனைக்காகவே காலி செய்யச் சொன்னார்கள். இந்த வீட்டு ஒப்பந்தத்திலும் கடுமையான சமையல் வாசனை கூடாது என்று ஒரு வரி இருந்தது. மாசமான நாளிலிருந்து அவள் வயிற்றில் நின்றது இட்லியும் சாம்பாரும் மட்டும்தான். அதனால் தினமும் காலை ஏழேகாலுக்கு அடுப்பில் இட்லிப் பானை. ஜனவரித் தொடக்கத்தில் ஃபிராவ் பிட்னர் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது, சேஷாத்ரி வாடகைக்குத் துளைக்கும் இயந்திரம் எடுத்து, யாரையும் கேட்காமல் சமையலறைச் சுவரில் ஓட்டை போட்டு, மின்விசிறி வைத்தான். வடக்கே அந்த அம்மாவின் தோட்டம். குளிர்காலத்தில் அங்கே யார் வரப்போகிறார்கள் என்பது அவன் கணக்கு. ஓட்டைக்கு ஒரு சாண் மேலே அந்த வெள்ளைப் பெட்டி இருந்தது.

விமலநாதன் இரண்டு கடிதங்களையும் வாங்கி நின்றபடியே புரட்டினார். "அம்பத்து நாலு பக்கம். ஒரு இட்லி கூட இல்லையே, தம்பி! இதை மறைச்சுப்போட்டு அவங்களிட்டை விடை கேட்டால், அவங்கள் என்னெண்டு சொல்லுறது?"

"ஓட்டையை அடைச்சிட்டா, அண்ணே?"

"அடைச்சால் ஆவி யன்னலாலை வந்து உந்தப் பெட்டியிலைதான் படும். பெட்டியை மாத்த வேணும். கம்பெனி ஆள்தான் மாத்தலாம். நான் தொட்டால் கரண்டி போயிடும்." கரண்டி என்று அவர் சொன்னது உத்தரவாதத்தை. "அதுக்கு ஒரு அன்ட்ராக், விண்ணப்பம், எழுதவேணும். என்ன நடந்ததெண்டு உள்ளபடி எழுதி, வீட்டுக்காரி கையெழுத்து வைக்கவேணும். அவ வைக்காட்டி ஒண்டும் செய்ய ஏலாது."

சேஷாத்ரி மூன்று நாள் யோசித்தான். சொன்னால் வீடு போகும். சொல்லாவிட்டால் பனிக்குள் குழந்தை வரும். தவிர, ஃபிராவ் பிட்னர் ஏற்கெனவே மோப்பம் பிடித்துவிட்டார் என்றும் அவனுக்குத் தோன்றியது. மூன்று வாரமாக அவர் காலை ஏழு மணிக்கே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, வடக்குச் சுவருக்கு எதிரே சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, நோட்டுப் புத்தகத்தில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். வழக்குக்குச் சாட்சியம் சேர்க்கிறார் என்று நினைத்து, சேஷாத்ரி ஜன்னல் பக்கம் குனிந்தே நடந்தான்.

நான்காம் நாள் கூடத்தில் முழங்கால் அளவுக்குப் பனி. தொட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்த பார்கவி அவனை ஏறிட்டுப் பார்த்தாள். அவன் ஒரே ஒரு பக்கம் எழுதினான். நாங்கள் தினமும் காலையில் இட்லி அவிக்கிறோம் என்பது முதல் வரி. ஓட்டையை நான்தான் போட்டேன் என்பது இரண்டாவது. எழுதிய தாளை எடுத்துக்கொண்டு, வாழ்க்கையில் செய்த மற்ற தவறுகளையும் வரிசையாக நினைத்துக்கொண்டு, வடக்குப் பக்கம் போனான்.

ஃபிராவ் பிட்னர் படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். "திங்கள் முப்பத்து நான்கு. செவ்வாய் முப்பத்து நான்கு. புதன் இருபத்தாறுதான். புதன்கிழமை என்ன சமைத்தீர்கள்?"

"தோசை" என்றான் சேஷாத்ரி.

"அதுதானே பார்த்தேன். சனிக்கிழமை ஒன்பது மணி வரை இங்கே குளிர்காலம். தூங்கிவிட்டீர்களா?" அவருக்கு இரண்டு முழங்காலிலும் வாதம். பதினோரு குளிர்காலம் மாத்திரையில் கழித்தவர், இந்த ஜனவரியில் ஒரு மாத்திரைகூடப் போடவில்லை. வாசனையைப் பற்றி அவன் தயங்கிக் கேட்டபோது, வெயில் என்றால் ஏதோ ஒரு வாசனை இருக்கத்தானே செய்யும் என்றார். கையெழுத்துப் போட்டார். கீழே தன் கையால் ஒரு வரி சேர்த்தார்: பழைய பெட்டியை அந்த இடத்திலிருந்து எடுக்கக் கூடாது.

கம்பெனியின் பதில் இரண்டே நாளில், மூன்று வரியில் வந்தது. அதில் மதிப்புமிக்க கருத்து என்ற சொல்லே இல்லை. என்ன நடக்கிறது என்று இப்போதுதான் புரிகிறது, ஆள் வியாழக்கிழமை வருவார் என்று எழுதியிருந்தார்கள். வந்த ஆள் கிழக்குச் சுவரில் புதுப் பெட்டி வைத்தார். பனியில் நிற்கும் கூடத்தைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குள்ளும் ஒரு பெட்டியைத் தானாகவே பொருத்தினார். பாய்லர் வாழ்நாளில் முதல்முறையாக உள்ளே எப்படி என்று கேட்டது. வடக்குப் பெட்டியின் கம்பியை மட்டும் துண்டித்துவிட்டு, பெட்டியைத் தொடாமல் விட்டார். நாலு இட்லி சாப்பிட்டார். மறுவருஷம் வந்த கையேட்டில் சமையல் ஆவியைப் பற்றி ஒரு பத்தியும், புகார்ப் படிவத்தில் 'பனி (உள்ளே)' என்று ஆறாவது கட்டமும் இருந்தன. ஆறாவது கட்டத்துக்குத் தானே காரணம் என்று சேஷாத்ரி சொல்லிக்கொள்வான். இட்லியைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவான்.

குழந்தை பத்தொன்பதாம் தேதி பிறந்தது. பெண், ஆதிரை என்று பெயர். நான்காம் நாள் வீட்டுக்கு வந்தபோது உள்ளே இருபத்திரண்டு டிகிரி. சோபா மட்டும் கொஞ்சம் ஈரம். மருத்துவச்சி தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கு யாரோ வடக்குச் சுவரைத் தட்டினார்கள். சேஷாத்ரி எட்டிப் பார்த்தான். ஃபிராவ் பிட்னர் குளிர்கோட்டுப் போட்டு, காதுவரை தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "எல்லோரும் நலம்தானே? இங்கே இன்னும் மைனஸ் மூன்று" என்றார்.

பார்கவி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். "மாவு ஃபிரிட்ஜில இருக்கு" என்று மட்டும் சொன்னாள். சேஷாத்ரி அதுவரை அடுப்பின் பக்கம் போனதில்லை. இட்லி அவிப்பதைப் பற்றி ஒரு குறிப்பு எழுதித் தருமாறு கேட்டான். அவள் பார்த்த பார்வையில் மாவைக் கரண்டியால் எடுத்துத் தட்டில் ஊற்றினான். துணி போட மறந்தான். தண்ணீர் எவ்வளவு என்பதில் ஒரு முடிவுக்கு வராமலே பானையை மூடினான்.

எட்டு மணிக்கு வெளியே வெயில் வந்தது. பத்தொன்பது டிகிரி, கூடவே சுண்டைக்காய் அளவுக்கு ஆலங்கட்டி மழை. ஃபிராவ் பிட்னர் குடையை விரித்துக்கொண்டு அதையும் நோட்டில் குறித்தார். பார்கவி ஓர் இட்லியை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, ஆலங்கட்டி சரியாகத்தான் விழுகிறது என்றாள்.