திரும்பிப் பாராத ஏற்றம்

மழைக்காலம் முழுதும் அடைபட்டுக் கிடந்த மலைப்பாதையை ஊர் கூடி வெட்டிச் சீர்செய்த பின், அவ்வாண்டின் முதல் குழுவோடு பழைய மலைநகரான சோக்கெகிராவின் இடிபாடுகளுக்குப் புறப்பட்டவன் எலாடியோ. வழிகாட்டிகளுள் அவனுக்கு நற்பெயர் உண்டு. அப்பெயரைத் தந்தது ஒரு பழக்கம். ஒவ்வொரு வளைவிலும் நின்று திரும்பிப் பார்ப்பான். பின்வருவோர் அத்தனை பேரையும் கண்ணால் தொட்டபிறகே அடுத்த அடியை எடுத்து வைப்பான். இத்தனை ஆண்டுகளில் அவனை நம்பி வந்த எவரையும் அபுரிமாக் ஆற்றின் பள்ளத்தாக்கு விழுங்கியதில்லை.

இம்முறை அவன் முதுகுப்பையின் அடியில் மனைவி சாந்துசாவின் சிவப்புச் சால்வை மடித்து வைக்கப்பட்டிருந்தது.

சென்ற ஆண்டின் கடைசிக் குழுவுக்குச் சமைக்கப் போனவள் சாந்துசா. மீளும் வழியில், ஆற்றிலிருந்து செங்குத்தாக ஏறும் ஒரு வளைவில், அவளுக்கு முன்னும் பின்னும் பாதை சரிந்து பள்ளத்தில் வீழ்ந்தது. இடையே எஞ்சிய பாயளவு தரையில், மலைச்சுவரை அணைத்தபடி நின்றவளைக் கயிறிட்டு மீட்பதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது. மேனியில் ஒரு கீறலும் இல்லை. வீடு வந்தாள், அடுப்பு மூட்டினாள், தறியில் அமர்ந்தாள். பேச்சு மட்டும் வரவில்லை. அழைத்தால் முகம் திருப்புவாள். அம்முகத்தில் அவள் இருக்கமாட்டாள். அச்சத்தில் அவளுயிரின் ஒரு கூறு அந்த வளைவிலேயே தங்கிவிட்டதென்று ஊரார் அறிந்தார்கள். அதில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை.

பிரிந்து போனவரை எண்ணி ஏங்குவோர்க்கு நோக்கியிருக்க ஒரு திசையாவது உண்டு. ஒரு சாலை, ஒரு வாயில், புழுதி எழும் ஒரு தொலைவு. எலாடியோவுக்கு அதுவும் வாய்க்கவில்லை. அவன் யாருக்காக ஏங்கினானோ அவள் அவனெதிரிலேயே அமர்ந்து உருளைக்கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தாள்.

தங்கிவிட்ட உயிரை அழைத்து வரும் முறையில் சிக்கல் ஏதுமில்லை, காப்பதுதான் அரிது. வெள்ளிக்கிழமையில், அது தங்கிய இடத்திலேயே, அவளுக்குப் பிடித்த தின்பண்டத்தை வைத்துப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். அவள் உடுத்த துணியை விரித்து ஏந்தி, மடித்து, வீடுவரை சுமக்க வேண்டும். சுமப்பவன் திரும்பிப் பார்த்தால் உயிர் நாணி நின்றுவிடும். அவன் எவரிடமும் வாய் திறக்கலாகாது. துணியை அவள் தோளில் போர்த்தி, அவள் முதற்சொல் சொன்ன பிறகே அவன் நாவுக்கு விடுதலை. பின்னாலிருந்து தன் பெயர் கேட்டாலும் நிற்கலாகாது. பனிமுடியில் உறையும் தெய்வமான மலைத்தந்தை அப்படித்தான் சோதிப்பார்.

முதல் குழு மீளும் நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்ததை எலாடியோ அவருடைய அனுமதியாகவே கொண்டான். ஆயினும் திரும்பிப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவன் திரும்பாமல் நடப்பது எப்படி? விருந்தினரை முன்னே அனுப்பிவிட்டுத் தான் கடைசியாக ஏறுவது என்று முடிவு செய்தான். கண்முன் நடப்பவரைக் காக்கத் தலையைத் திருப்ப வேண்டியதில்லை.

இதைச் சாந்துசாவின் அண்ணன் லியாந்த்ரோவிடம் மட்டும் சொன்னான். லியாந்த்ரோ கோவேறு கழுதைக்காரன். அவனுடைய கழுதைகள் கூடாரங்களைச் சுமந்தன. தங்கை குழுவோடு வர இயலாமற்போனபின் அவர்களுக்குச் சமைக்கும் பொறுப்பையும் அவனே சுமந்தான். ஆற்றங்கரைக் கூடாரத்தில் முதல் நாள் சூப்பை வாயில் வைத்த எலாடியோ, உப்புப் போட்டாயா என்று கேட்டான்.

"போட்டேன் மாப்ளே. சூப்புல போட்டேனா, கழுதைத் தீனியில போட்டேனான்னுதான் ஞாபகமில்ல."

லியாந்த்ரோவின் வாய் ஓய்ந்து எவரும் கண்டதில்லை. கழுதையோடு பேசுவான்; கழுதை உறங்கினால் சேணத்தோடு பேசுவான். அவன் வீட்டுக்கு வந்திருக்கிறான் என்பதைக் கோயில் மேட்டில் நிற்பவரும் அறியலாம். சால்வையைப் பற்றிக் கேட்டபோதும் சிரித்தான்.

"கூப்புட்டா வர்றதுக்கு அவ என்ன சின்னப் புள்ளையா? என் கழுதையே கூப்புட்டா வர்றதில்ல." பிறகு கரண்டியால் அடுப்புச் சாம்பலைக் கிளறியபடி, வறுத்த சோளம் எடுத்து வந்தாயா, அது அவளுக்குப் பிடிக்கும் என்று தாழ்ந்த குரலில் கேட்டான்.

குழுவில் மூவர். இருவர் இளைஞர்; ஆடுகளைப்போல் தாவி முன்னே போய்விடுவார்கள். மூன்றாமவர் லிமாவிலிருந்து தனியாக வந்திருந்த ஓர்த்தென்சியா அம்மாள். முழங்காலைக் கையால் தாங்கி மெல்ல ஏறுவார். ஆனால் ஒருமுறையும் முறையிட்டதில்லை.

இடிபாடுகளை அடைந்த நாள் மேகம் கீழே இருந்தது, அவர்கள் மேலே இருந்தார்கள். படிப்படியாக இறங்கும் கருங்கற்சுவர்களில் வெண்கற்களால் பதித்த லாமா விலங்குகள் ஒன்றன்பின் ஒன்றாக மலையேறிக்கொண்டிருந்தன. எத்தனையோ நூற்றாண்டுகளாக அவை உச்சியை அடையவுமில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை. எலாடியோ மூன்று கோக்கா இலைகளைத் தேர்ந்து விசிறிபோல் விரித்து, பனிமுடி இருந்த திக்கை நோக்கி ஊதி, கல்லிடுக்கில் வைத்தான். வழக்கமாகக் குழுவினர் நலனுக்காக வேண்டுவான். அன்று ஒரே ஒரு பெயரைத்தான் சொன்னான். பிறகு சால்வையை எடுத்துப் பழஞ்சுவரின்மேல் வெயிலில் விரித்தான்.

கூரையற்ற வீடுகளை நோக்கியபடி இருந்த ஓர்த்தென்சியா அம்மாள், இங்கே வாழ்ந்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டார். எல்லாரும் கேட்கும் கேள்வி. அதற்கு அவனிடம் ஒரு விடை எப்போதும் ஆயத்தமாக இருக்கும். எங்கும் போகவில்லை, நாங்கள்தாம் அவர்கள் என்பான். கேட்டவர் சிரிப்பார். அன்று அந்த விடை நாவில் எழவில்லை. போனவர்கள் ஒருவேளை இங்கேயே எங்கோ ஒரு வளைவில் நின்று, யாரேனும் பெயர் சொல்லி அழைக்க மாட்டார்களா என்று காத்திருக்கக்கூடும் என்று தோன்றியது. அம்மாள் அவனையும் சால்வையையும் மாறி மாறிப் பார்த்தார். அவன் எல்லாவற்றையும் சொன்னான்.

கேட்டு முடித்த அவர், "நான் உங்களுக்கு முன்னாலயே நடக்கறேன் தம்பி. நீங்க திரும்பவே வேண்டாம்" என்றார்.

வெள்ளியன்று விடியலில் ஆற்றைக் கடந்தார்கள். கூடாரங்களைக் கட்டிக்கொண்டு லியாந்த்ரோ பின்னால் வருவதாக ஏற்பாடு. புதிதாக வெட்டிய செம்மண் பாதை தொடங்கும், சாந்துசா சிக்கி நின்ற அந்த வளைவில் எலாடியோ மற்றவர்களை மேலே போகச் சொன்னான். தனித்து நின்றான். கீழே, பேசும் தெய்வம் என்று முன்னோர் பெயரிட்ட ஆறு, தன் பழைய பேச்சைப் பேசிக்கொண்டிருந்தது.

வறுத்த சோளத்தைத் தரையில் வைத்தான். சால்வையை இரு கைகளாலும் விரித்துப் பள்ளத்தை நோக்கி வீசித் தன் நெஞ்சை நோக்கி இழுத்தான்.

"சாந்துசா, வாம்மா. வீட்டுக்குப் போலாம். அடுப்பு ஒனக்காகக் காத்துக் கெடக்கு. தறியில பாதி நெசவு நிக்குது. இங்க நிக்காத, குளிரும். எங்கூட வா."

மும்முறை அழைத்தான். காற்றில்லாத அவ்வேளையில் சால்வையின் ஒரு முனை மெல்ல அசைந்ததாக அவனுக்குத் தோன்றியது. அதை மடித்துத் தோளின் குறுக்கே முதுகில் தொங்கக் கட்டி மார்பில் முடிச்சிட்டு நடக்கத் தொடங்கினான்.

முதுகில் எடை ஏதுமில்லை. எனினும் உறங்கும் குழந்தையைச் சுமப்பவன்போல் அடியெடுத்து வைத்தான். திருப்பங்களில் பாதை மடிந்து மேலேறும்போதெல்லாம் கண்களைத் தரையில் புதைத்துக்கொண்டான். மேலே எங்கோ அம்மாளின் ஊன்றுகோல் கல்லில் தட்டும் ஒலி கேட்டது. அதையே துணையாகக் கொண்டான். சற்றுநேரத்தில் அவ்வொலி நின்றது. இளைப்பாறுகிறார் போலும் என்று எண்ணிக்கொண்டான்.

அம்மாள் இளைப்பாறவில்லை. இயற்கை உபாதைக்காகப் பாதையை விட்டு ஒரு பாறையின் மறைவுக்குப் போயிருந்தார். பேசாதிருப்பவனிடம் சொல்ல வழியில்லை; சொல்லக் கூச்சமும் இருந்தது. குனிந்த தலையோடு வந்த எலாடியோ அப்பாறையைக் கடந்து மேலே போனான். அவர் வெளியே வந்தபோது அவன் முன்னே இருந்தான். அவனைக் கடந்து முன்செல்ல வேண்டுமென்ற தவிப்பில் அவர் வளைவைச் சுற்றாமல் குறுக்கே ஏற முயன்றார்.

"எலாடியோ."

பின்னாலிருந்து ஒரு பெண் குரல். தாழ்ந்த குரல். ஒரே முறை.

அம்மாள் முன்னால் போகிறார். இளைஞர் அவருக்கும் முன்னால். பின்னே இருப்பது வெறும் மலை. இந்தப் பெயரை ஒரு பெண் குரல் சொல்லக் கேட்பதற்காகத்தான் அவன் எத்தனை விடியல்கள் விழித்துக் கிடந்தான்! அதைக் கேட்கக் கொடுத்தே மலைத்தந்தை அவனைச் சோதிக்கிறார். நடந்துவிட வேண்டும். வீடு வரை நடந்துவிட்டால் அதே குரலை அடுப்பங்கரையில் கேட்கலாம். ஒரு காலைத் தூக்கி வைத்தான்.

அப்போது சரளைக்கற்கள் சரியும் ஒலி கேட்டது. தெய்வம் எக்குரலிலும் பேசும். ஆனால் மனித உடலின் எடை இழுத்துச் சரியும் சரளையின் ஒலியை அவன் தொழில் அவனுக்குக் கற்பித்திருந்தது. அது காற்றில் சரிந்ததன்று.

மார்பின் முடிச்சை அவிழ்த்தான். சால்வையைப் பாதையோரப் பாறையின்மேல், அவிழ்த்த முனைகள் ஊரை நோக்கி இருக்கும்படி வைத்தான். இது முறையில் உண்டா இல்லையா என்று அவனுக்குத் தெரியாது. பிறகு திரும்பினான்.

சரிவின் விளிம்பில் ஒரு முட்புதரைப் பற்றித் தொங்கிக்கொண்டிருந்தார் ஓர்த்தென்சியா அம்மாள். கணுக்கால் பிசகியிருந்தது. அவன் குப்புறப் படுத்துக் கைநீட்டி, பற்றி, இழுத்துப் பாதையில் சேர்த்தான். கூப்பிட்டிருக்கக் கூடாது, கூப்பிட்டிருக்கக் கூடாது என்று அவர் அழுதார்.

"கூப்புடலைன்னா போயிருப்பீங்கம்மா" என்றான். சொன்ன பிறகே, தான் வாய் திறந்துவிட்டதையும் உணர்ந்தான்.

மணியோசையோடு லியாந்த்ரோவும் கழுதைகளும் வந்து சேர்ந்தபோது அவன் அம்மாளின் கணுக்காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். நடந்ததை எலாடியோ சுருக்கமாகச் சொன்னான். எல்லாம் போயிற்று மச்சான், திரும்பிவிட்டேன், பேசியும் விட்டேன் என்றான். லியாந்த்ரோ அவனைப் பார்த்தான். அம்மாளின் காலைப் பார்த்தான். மேலே பாறையில் கிடந்த சிவப்புச் சால்வையை நெடுநேரம் பார்த்தான்.

"திரும்புனது நீதானே மாப்ளே," என்றான். "துணி திரும்பலையே. அவ அங்கதான் உக்காந்திருக்கா, ஊரப் பாத்துக்கிட்டு. சுமக்கத்தான் ஆளில்ல."

அவன் முன்கழுதையின் கயிற்றை எலாடியோவின் கையில் வைத்தான். அந்தக் கயிற்றைப் பிறர் தொட அவன் ஒருநாளும் விட்டதில்லை. தொப்பியைக் கழற்றிப் பாறைக்கு முன் வணங்கிவிட்டு, சால்வையைத் தூக்குமுன் சொன்னான்: "என் வாய் மூடி நீ பாத்ததில்லல்ல? இன்னிக்குப் பாத்துக்க."

சால்வையை முதுகில் கட்டினான். ஒரு சொல்லுமின்றி மேலேறிப் போனான். பின்னால் அவனுடைய கழுதை குரலெடுத்துக் கத்தியது, அவன் திரும்பவில்லை.

அம்மாளைக் கழுதைமேல் ஏற்றி எலாடியோ மெல்ல நடந்தான். இப்போது எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பிப் பார்க்கலாம். கண்ணோ மேலேயே நின்றது. மலையின் பழுப்பு மேனியில் அந்தச் சிவப்புப் புள்ளி வளைவு வளைவாக ஏறியது. மடிப்புகளில் மறைந்தது, மறைந்த ஒவ்வொரு முறையும் அவன் மூச்சு நின்று, அது மீண்டும் தோன்றியபோது மீண்டது. கடைசியில் கணவாயின் சிலுவையருகே ஒரு கணம் வானத்தில் நின்று, அப்பால் இறங்கிப்போயிற்று. பிறகு பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

கணவாயில் சிச்சா என்னும் சோளக்கள் விற்கும் பெண்ணொருத்தி இடுப்பில் கைவைத்துக் காத்திருந்தாள். "உங்க மச்சானுக்கு என்ன கோவம்? சிச்சா ஊத்தி நீட்டுறேன், மூஞ்சியத் திருப்பாமப் போறான். அவன் வாயில எதையாச்சும் வச்சுத் தச்சுட்டீங்களா?"

எலாடியோ கயிற்றை இழுத்துக் கழுதையை நடத்தினான்.

ஊரை நெருங்கும்போது மாலை ஒளி யூகலிப்டஸ் மரங்களின் நுனியில் மட்டும் எஞ்சியிருந்தது. இளைஞர் இருவரும் விடுதிக்குப் போய்விட்டார்கள். வீட்டுக்கு முந்திய மண்சுவரின் திருப்பத்தில் எலாடியோ நின்றான். வீட்டிலிருந்து புகை எழுந்தது. லியாந்த்ரோ எப்போதோ வந்திருப்பான். வந்திருந்தும் அவன் குரல் கேட்கவில்லை.

ஏன் நின்றுவிட்டான் என்று கழுதைமேலிருந்து அம்மாள் கேட்டார்.

"அவ இன்னும் பேசலைம்மா" என்றான்.

மண்சுவரில் தோள் சாய்த்து நின்றான். நாயொன்று குரைத்தது. கோயில் மணி அடித்து ஓய்ந்தது. ஊரின் ஒவ்வொரு ஓசையும் தனித்தனியே வந்து, அவன் தேடும் ஓசை தானன்று என்று சொல்லிச் சென்றது. மலைத்தந்தையே, குறை என்னுடையது. அவளிடம் காட்டாதீர் என்று உள்ளுக்குள் இறைஞ்சினான். அம்மாளும் கழுதையின் கழுத்தில் கைவைத்து, அது தலையசைத்து மணி ஒலித்துவிடாதபடி பிடித்துக்கொண்டார்.

அப்போது சுவருக்கு அப்பாலிருந்து வெடித்தது அந்தக் குரல்.

"உப்புப் பத்தலையாம். இத்தன நாள் கழிச்சு வாயத் தொறந்தவ, அண்ணன் வச்ச சூப்புல உப்புப் பத்தலைங்கறா. காலையிலருந்து நான் பட்ட பாடு தெரியுமா ஒனக்கு? அந்த சிச்சாக்காரி முன்னாடி ஊமையா நின்னேன்டி..."

குரல் நிற்கவில்லை. கோயில் மேடு வரை போயிற்று. எத்தனையோ பயணங்களில் எலாடியோவின் தலையை நோகச் செய்த அந்தக் குரல், இடையே எவரோ தாழ்ந்து சொன்ன ஏதோ ஒன்றுக்காக ஒரு நொடி ஓய்ந்து, மீண்டும் தொடர்ந்தது. அந்த ஒரு நொடியின் சொல் அவன் செவியை எட்டவில்லை. அது எதுவாயினும் ஆகுக. வாசலைக் கடந்தால் கேட்கலாம்.

எலாடியோ வழக்கம்போல் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அம்மாள் இருந்தார், கழுதைகள் அனைத்தும் இருந்தன. பிறகு நடந்தான்.