ஆழத்தில் சிவப்பு

தூண்டிலில் மாட்டும் பொம்மை மீன்களுக்கு வண்ணம் பூசுவது அக்காவின் வேலை. வயிற்றில் சிவப்புக் கோடு இழுத்தால்தான் கடையில் போணியாகும். ஆழத்திலோ அந்தச் சிவப்பு செல்லாக்காசு. தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பைத்தான். பத்தாள் ஆழத்தில் கன்னங்கரேல் என்றாகிவிடும். "நீ பிடிக்கறது மீனை இல்லக்கா, வாங்க வர்றவனை" என்று தம்பி கிண்டலடிப்பான்.

அவன் படகில் போட்டுக்கொள்ள அவள்தான் சிவப்புச் சட்டை தைத்துக் கொடுத்தாள். எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் கண்ணில் படட்டுமே என்று. நேற்றுக் காலை அவன் படகு மட்டும் கவிழ்ந்து மிதந்தது.

"சிவப்புச் சட்டைப்பா, சிவப்பு" என்று மூழ்கித் தேடுகிறவரிடம் அம்மா மூச்சுக்கு முந்நூறு தடவை சொன்னாள். அவரும் சிவப்பையே தேடினார்.

இன்று மத்தியானம் அவர் மேலே வந்து, அம்மாவும் அக்காவும் உட்கார்ந்திருந்த படகின் விளிம்பைப் பிடித்து மூச்சு வாங்கினார். "சிவப்பா ஒண்ணும் இல்லம்மா. ரொம்பக் கீழ, பாறை இடுக்குல கறுப்பா ஏதோ துணி தெரியுது. பழைய பாய்த்துணியா இருக்கும். கிட்டப் போகல."

அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "நான் சொல்லல? அவன் உள்ள இல்லடி. எங்கயாவது கரையேறியிருப்பான். வா, வீட்டுக்குப் போலாம். பசியோட வருவான்."

அந்தக் கறுப்பு என்னவென்று அக்காவுக்குத் தெரியும். பாழாய்ப்போன தொழில், பாழாய்ப்போன அறிவு! வாயை மூடிக்கொண்டால் அம்மா இன்றைக்காவது ஒரு வாய் சாப்பிடுவாள். தம்பி அங்கேயே கிடப்பான். அம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, அந்தக் கறுப்பை எடுத்துட்டு வாங்க."

"அது கறுப்பும்மா."

"அவ்வளவு ஆழத்துல சிவப்பு அப்படித்தாண்ணே தெரியும்."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். அவருக்கும் தெரிந்த விஷயம்தான். சிவப்பு சிவப்பு என்று கேட்டுக் கேட்டுப் புத்தி மழுங்கிவிட்டது. மறுபடியும் மூழ்கினார்.

இருவரும் குனிந்து பார்த்தார்கள். நெடுநேரம் கழித்து, கீழே கறுப்பாக ஒன்று அசைந்தது.

"கறுப்புதான்டி" என்றாள் அம்மா.

அது பழுப்பானது. இன்னும் மேலே வந்தது.

"கறுப்புதான்டி, நல்லாப் பாரு, கறுப்புதான்" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். சட்டை துளிகூடச் சாயம் போகவில்லை.